பட்டியலுக்கு மட்டும்தான் பெண்களா?

கேள்வி: அரசியலுக்கு வரும் பெண்களைப் பற்றி முகநூலில் கேவலமாக எழுதுகிறார்கள், உண்மைதான். ஆண்களும் திட்டு வாங்குகிறார்கள்தானே? பொறுக்க முடியாதவர்கள் ஏன் வர வேண்டும்?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஆண்களைத் திட்டுகிறார்கள், சரி. கள்ளன், பொய்யன், கட்சி தாவி என்று. இரவுக் கூட்டம் முடிந்து யாருடைய வாகனத்தில் வீட்டுக்குப் போனார் என்று அவர்களிடம் யாராவது கேட்டதுண்டா?

இதை எதிர்க்கட்சிக்காரர்தான் கிளப்புகிறார் என்றும் நினைத்துவிடாதீர்கள். பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்கு (கட்சிக்குப் போட்ட பிறகு, அதன் பட்டியலில் யார் வேண்டும் என்று தெரிவு செய்யும் வாக்கு) இருக்கும்வரை, முதல் போட்டியாளர் சொந்தக் கட்சிப் பட்டியலிலேயே இருக்கிறார். ஒரு பெண்ணின் வாக்கைக் குறைக்கக் கதை கட்டிவிடுவது அவருக்குச் செலவே இல்லாத வழி. முறைப்பாட்டோடு கட்சி அலுவலகத்துக்குப் போனால், "கட்சிக்குத்தான் கெட்ட பெயர், விடுங்கோ தங்கச்சி" என்பார்கள்.

1960இல் உலகின் முதல் பெண் பிரதமராக சிறிமாவோ பண்டாரநாயக்கவைத் தந்த இலங்கை என்று பெருமை பேசுகிறோம். அதற்கும் முன்னால், 1932இலேயே கொழும்பு வடக்கில் வென்று, சுதந்திரத்துக்கு முந்திய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனவர் நேசம் சரவணமுத்து. (கணவர் இழந்த ஆசனம் அது. சிறிமாவோவும் கணவருக்குப் பின் வந்தவர்தான்.) இன்றோ ஹரிணி அமரசூரிய பிரதமரான 2024இல் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் ஒரு பெண்கூட இல்லை. அந்த ஆண்டு தெரிவான பாராளுமன்றத்தின் 225 பேரில் பெண்கள் பத்து வீதத்தைத் தொடவில்லை.

உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. நல்லது. ஆனால் சூட்சுமம் உள்ளே இருக்கிறது. வட்டார வேட்பாளர்களில் பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும். வட்டாரத்தில் போட்டியிடாமல், கட்சி பெற்ற வாக்குகளுக்கேற்ப ஆசனம் பெறுபவர்களின் மேலதிகப் பட்டியலில் 50 வீதம். பட்டியலில் யாருக்கு ஆசனம் என்பதை முடிவு செய்பவர் கட்சிச் செயலாளர். அவர் தயவில் சபைக்கு வந்த பெண், கட்சிக்காரர் ஒருவர் அத்துமீறினால் எங்கே போய் வாய் திறப்பார்? போதாததற்கு, "நீங்கள் பட்டியலில் வந்தவர்தானே" என்று சபையிலேயே குத்துவார்கள்.

பெண்களுக்குப் பேச்சுப் பயிற்சி, தலைமைத்துவப் பட்டறை என்று ஹோட்டல்களில் நடப்பதெல்லாம் இருக்கட்டும். கட்சி வெல்லக்கூடிய வட்டாரங்களைப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். பட்டியலின் வரிசையைத் தேர்தலுக்கு முன்பே அறிவித்து, பிறகு மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும். அவதூறு கிளப்பியவர் யாரென்று தெரிந்தால் அடுத்த முறை அவருக்கு வேட்புமனு கிடையாது. அதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, கட்சி மனம் வைத்தால் போதும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் லேனுக்கு வாக்குக் கேட்டு வரும் கட்சிக்காரரிடம் எத்தனை பெண்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலை நீட்டுவார். அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வட்டாரத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.