கல்யாணப் பாய்க்கு ஏழாயிரம் ரூபாயா?

கேள்வி: வர்ற தை மாசம் மகளுக்கு கல்யாணம் வச்சிருக்கோம். எங்க மாமியார் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் இன்னும் வீட்ல இருக்கு, அதே மாதிரி பொண்ணு மாப்ள பேர் போட்டு, பட்டு மாதிரி மெல்லிசா கோரைப்புல்லுல நெய்யுற பட்டுப்பாய் ஒண்ணு சீர்ல வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. விசாரிச்சதுல ஏழாயிரம் சொல்லுதாங்க. சென்னையில ஐடி வேலை பாக்குற என் மகன் "ஆன்லைன்ல 699 ரூபாய்க்கே நல்ல பாய் இருக்கு, ஓரமெல்லாம் நேரா பளிச்னு இருக்கு, கைல செஞ்சதுங்கற பேருக்காக பத்து மடங்கு குடுக்கணுமா, அதுவும் இந்த காலத்துல யாரும்மா பாய்ல படுக்கா"ன்னு கேக்கான். வந்தவங்களுக்கு குடுக்க சின்ன பாய் இருநூறு வேற வாங்கணும். அவன் சொல்லுறதும் சரின்னு தோணுது, மனசும் கேக்க மாட்டேங்கு. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க.
- பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா

பதில்: அக்கா, மகளுக்கு பட்டுப்பாய் வாங்குங்க. வந்தவங்களுக்கு குடுக்குற இருநூறு பாயை மெஷின் பாயாவே வாங்குங்க. இதான் என் முடிவு, ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

உங்க பையன் மேல எனக்கு கோவமே இல்ல. அவன் கேட்டது நியாயமான கேள்வி. கைல செஞ்சதுங்கற ஒரே காரணத்துக்காக எதுக்கும் கூட காசு குடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். தடிச்ச கோரையில நெய்யுற சாதாரண பாய் இருக்குல்லா, அதை கையால நெய்தாலும் தறி மெஷின்ல ஓட்டுனாலும் படுக்குறவனுக்கு பெரிய வித்தியாசம் தெரியாது, மெஷின் பாய் விலையும் கம்மி. கை எங்க மெஷினால முடியாததை செய்யுதோ அங்க தான் அந்த கைக்கு விலை. பட்டுப்பாய் அந்த மாதிரி ஒரு இடம்.

எங்க ஆச்சிக்கு ஊர் சேரன்மகாதேவி, பத்தமடைக்கு பக்கத்துல தான். சின்ன வயசுல அவுக கூட போய் நெய்யுற வீட்டு வாசல்ல உக்காந்து பாத்திருக்கேன், அதனால இதை வெறும் கேள்விப்பட்டு சொல்லல. கோரையை பச்சையா அறுத்து கிழிச்சு வெயில்ல காய வைப்பாங்க, பிறகு வேக வச்சு திரும்பவும் காய வைப்பாங்க. அதுக்கப்புறம் கட்டு கட்டா கட்டி தாமிரவருணியில ஓடுற தண்ணிக்குள்ள நாள் கணக்கா ஊறப் போடுவாங்க, தேங்குன தண்ணியில போட்டா சரிப்படாதுன்னு ஆச்சி சொல்லுவாவ. ஊறி நல்லா உப்பி வந்ததை எடுத்து காய வச்சு, பட்டுப்பாய்க்குன்னா உள்ள இருக்குற சோத்தை, அதான் நடுச்சதையை, சுரண்டி எடுத்துட்டு மேல் தோலை மட்டும் கத்தியால கிழிப்பாங்க பாருங்க, தலைமுடி கணக்கா வரும். அந்த கிழிக்கிற வேலை தான் எல்லாமே. கத்தி ஒரு இடத்துல தடிமனா இறங்கிட்டா பாயில அந்த வரி தனியா தெரிஞ்சிரும், மெல்லிசா போனா அறுந்துரும், அந்த கைக்கு எங்க அழுத்தணும் எங்க விடணும்னு தெரியும். மெஷின் தறியில இவ்வளவு மெல்லிசு கோரை ஓடாது, அது இழுக்குற இழுப்புக்கு தாங்காது. அதனால 699 ரூபாய் பாயும் நீங்க கேட்ட பாயும் ஒரே சாமான் ரெண்டு விலையில இல்ல, ரெண்டும் வேற வேற சாமான். இதை பையனுக்கு முதல்ல சொல்லுங்க.

சாதாரண பாய்ல பாவு நூல், அதான் நீளவாக்குல கட்டுற நூல், அம்பது போல ஓடும், பட்டுப்பாய்ல நூறுல இருந்து 140 வரைக்கும் போகும். எண்ணிக்கை கூட கூட பாய் துணி மாதிரி ஆகும், மடிச்சு கைல பிடிக்கலாம். தரையோட தரையா பாவு கட்டி, அது மேல உக்காந்து ஒவ்வொரு கோரையா ஊடு குடுத்து அச்சை வச்சு நெருக்கிக்கிட்டே வரணும், முதுகு என்ன பாடு படும்னு யோசிச்சு பாருங்க. பெரும்பாலும் பத்தமடை லெப்பை முஸ்லிம் வீட்டுப் பெண்கள் தான் இந்த வேலை பாக்காங்க. நம்ம வீட்டுப் பிள்ளைகளோட பேரை, கல்யாணத் தேதியை அவங்க எழுத்துக்கூட்டி கோரையில கொண்டு வந்து நம்ம சீர் தட்டுக்கு அனுப்புதாங்க, எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா படும். 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டுறதுக்கு இங்க இருந்து பாய் போச்சுன்னு ஊர்ல இன்னைக்கும் சொல்லுவாங்க, புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனா ராணிக்கு போனதை விட உங்க மாமியாருக்கு வந்த பாய் இன்னும் வீட்ல இருக்குங்கறது தான் எனக்கு பெருசு.

இப்ப விலைக்கு வருவோம். ஏழாயிரத்துல நூல், சாயம், கோரை, நடுவுல கடைக்காரர் லாபம்னு ஒரு ரெண்டாயிரம் போகுதுன்னு வைங்க. மீதி ஐயாயிரம். நெய்ய இருபது நாள்னு வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 250 ரூபாய் வருது. நூறு நாள் வேலைக்கு 2025-26ல நம்ம மாநிலத்துக்கு அரசு வச்ச கூலியே 336 ரூபாய். கோரையை கிழிச்சு சாயம் ஏத்துன நாளை நான் இந்த கணக்குல சேக்கவே இல்ல. அப்ப ஏழாயிரம்ங்கறது கூடுதல் விலையா அக்கா? இந்த கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி பையன் கைல குடுங்க, கணக்கு தெரிஞ்ச பிள்ளை, பாத்தா புரிஞ்சிரும். தயவு செஞ்சு பேரம் மட்டும் பேசாதீங்க. ஆயிரம் குறைச்சா அந்த ஆயிரம் கடைக்காரர் பங்குல குறையாது, நெய்யுறவங்க கூலியில தான் குறையும், பிறகு அவங்க மக எதுக்கு இந்த வேலையை படிக்கப் போறா?

ஆனா ஏழாயிரம் குடுத்தா குடுத்த காசுக்கு சரியான பாய் வரணும்ல. நான் ஒரு தடவை ஏமாந்திருக்கேன். தங்கச்சி வளைகாப்புக்கு ஒரு கடையில "கைத்தறி பட்டுப்பாய்"னு சொன்னதை நம்பி வாங்கிட்டு வந்தேன், வீட்ல வந்து விரிச்சு பாத்தா பாவு முழுக்க நைலான் நூல், கோரையும் தடிசு, மெஷின்ல ஓட்டுனது. அன்னைக்கு மனசு அப்படி வெறுத்துப் போச்சு, காசு போனதை விட அந்த பேரைச் சொல்லி வித்தாங்களேன்னு தான் ஆத்திரம். அதுக்கப்புறம் வாங்கும்போதெல்லாம் பாயை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு பாப்பேன், ஒரு அங்குலத்துக்குள்ள எத்தனை கோரை வரி இருக்குன்னு எண்ணுவேன், நூலை விரலால நெருடி பருத்தியான்னு பாப்பேன், ஒரு மூலையை மடிச்சு பாப்பேன், தடிசு பாய்னா மடங்காம விறைச்சு நிக்கும். ஓரத்துல துணி பார்டர் இருக்கா இல்லையாங்கறதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வகையிலயும் துணி வச்சு தைப்பாங்க. உங்க பையன் சொன்ன "நேரா பளிச்"ங்கற விஷயமும் அப்படித்தான், சாயம் அங்கங்க ஒரு நூல் ஏறி இறங்கி இருந்தா அது கோரை ஒவ்வொண்ணும் சாயத்தை வேற மாதிரி குடிச்சதால வர்றது, குறை இல்ல. ஆனா பாயே ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு கோணிப் போயிருந்தா அது வேலை சரியில்லாதது, கைல செஞ்சதுன்னு சொல்லி அதை ஒத்துக்கிடாதீங்க, திருப்பிக் குடுத்துருங்க.

இருநூறு பாய் விஷயம். அதுக்கு மெஷின்ல ஓட்டுன கோரைப் பாயே போதும், ஆனா பிளாஸ்டிக் வேண்டாம். நம்ம ஊர் சித்திரை வெயில்ல பிளாஸ்டிக் பாய்ல படுத்துப் பாத்தவங்களுக்கு தெரியும், வேர்வை போக வழியில்லாம முதுகோட ஒட்டும், ரெண்டு வருசத்துல நார் நாரா உதிரும், உதிர்ந்தது மண்ணுலயே கெடக்கும். கோரை அப்படியா, கிழிஞ்சா உரக்குழிக்கு போகும்.

"யாரும்மா பாய்ல படுக்கா"ன்னு பையன் கேட்டதுக்கும் பதில் சொல்லணும், ஏன்னா அவன் கேட்டதுலயே இது தான் சரியான கேள்வி. ஏழாயிரம் ரூபாய் பாயை பீரோவுல பூட்டி வைக்கிறதா இருந்தா வாங்காதீங்க. உங்க மாமியார் பாய் இத்தனை வருசம் இருக்குன்னா அது புழங்கினதால தான் இருக்கு, எடுக்காம வச்ச பாய் தான் ஈரம் ஏறி பூசணம் பிடிக்கும். மக கிட்ட சொல்லுங்க, விருந்தாளி வந்தா விரிக்கட்டும், நாளைக்கு பிள்ளை பிறந்தா அதுல தான் போடணும். மடிக்க முடியும்ங்கறதுக்காக மடிச்சே வைக்க வேண்டாம், சுருட்டி வச்சா வருசம் தாங்கும். தண்ணியில அலசக் கூடாது, ஈரத்துணியால துடைச்சு நிழல்ல ஆத்தி எடுத்தா போதும்.

ஒரே ஒரு அவசரம் இருக்கு. தை கல்யாணம்னா மார்கழியில போய் நிக்காதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில கோரையும் காயாது சாயமும் காயாது, மெல்லிசு பாய் நெய்யுற கைகளும் இப்ப ரொம்ப கம்மி, அதனால ஆவணிக்குள்ள சொல்லி வச்சிருங்க. முடிஞ்சா பையன் லீவுல வரும்போது அவனையும் கூட்டிக்கிட்டு பாபநாசம் பஸ் ஏறி பத்தமடையில இறங்கி, நெய்யுற வீட்டுலயே நேரா பேசுங்க, நடுவுல போற காசும் அவங்களுக்கே சேரும். பேரை வாயால சொல்லாதீங்க. ஒரு தாள்ல பெருசா, புள்ளி கொம்பு எல்லாம் சரியா எழுதி, மகளையும் மாப்பிள்ளை வீட்டையும் ஒரு தடவை பாக்கச் சொல்லிட்டு குடுங்க, நெய்து முடிச்ச பிறகு ஒரு எழுத்தை மாத்தணும்னா அந்த பக்கம் முழுக்க பிரிக்கணும்.