வேலை நிறைய, கையில் காசில்லை: பிளம்பர் கொட்டேஷனில் விலை போடுவது எப்படி?

கேள்வி: திருச்சியில் தனியாக பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு கான்ட்ராக்டரிடம் 9 வருடம் இருந்தேன்; சொந்தமாக ஆரம்பித்து 2 வருடம் ஆகிறது. வேலைக்குக் குறைவில்லை, ஆனால் பணம் நிற்பதில்லை. சமீபத்தில் ஒரு பழைய வீட்டில் இரண்டு பாத்ரூமுக்கு லைன் மாற்றும் வேலையை மெட்டீரியலோடு சேர்த்து 68,000 ரூபாய்க்கு வாய்ப்பேச்சில் பேசி எடுத்தேன். கடை பில், ஹெல்பர் கூலி எல்லாம் போக எனக்கு மிஞ்சியது 7,000. இப்போது வருகிறவர்கள் ‘கொட்டேஷன் எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் உடனே குறைக்கச் சொல்கிறார்கள். விலையை எந்தக் கணக்கில் போடுவது? எவ்வளவு அட்வான்ஸ் கேட்கலாம்? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

பதில்: உங்கள் பணம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. விலையையே குறைவாகப் போட்டது ஒன்று. பேசாத வேலையைக் காசு வாங்காமல் செய்தது இன்னொன்று. கொட்டேஷன் தாள் இரண்டாவதைத்தான் அடைக்கும். முதலாவதற்கு, தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே உங்கள் ஒரு நாளின் விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்து பிளம்பர் என்ன வாங்குகிறார் என்று பார்த்துப் போடுவது நாள் விலை ஆகாது. குடும்பத்துக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 3,60,000. பைக் பெட்ரோல், சர்வீஸ் 36,000. கட்டிங் மெஷின், டிரில், பிரஷர் டெஸ்ட் பம்பு ஆகியவற்றின் ரிப்பேரும் மாற்றுச் செலவும் 24,000. விபத்து, மருத்துவக் காப்பீடு 15,000. முடித்த வேலைக்குத் திரும்பப் போய் இலவசமாகச் செய்து தருவது 12,000. போன், பில் புத்தகம், சில்லறைச் செலவு 13,000. ஆக மொத்தம் 4,60,000 ரூபாய்.

இதை 365 ஆல் வகுக்கக் கூடாது. ஞாயிறு 52, பண்டிகை, மழை, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் ஒரு 25 போனால் மிச்சம் 288. அதிலும் இடம் பார்க்கப் போவது, கடையில் நிற்பது, டைல்ஸ்காரர் முடிக்கக் காத்திருப்பது, பாக்கி வசூலுக்கு அலைவது என்று 58 நாளாவது கழியும். இந்த நாட்களுக்கு யாரும் கூலி தரப்போவதில்லை. உண்மையில் காசு வரும் நாள் 230. நாலரை லட்சத்துச் சொச்சத்தை அதால் வகுத்தால் நாளுக்கு 2,000 ரூபாய். இது லாபம் இல்லை. முதலுக்கு மோசம் வராமல் இருக்கும் அளவு மட்டும். என் எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை இதுதான்.

இப்போது ஒரு பாத்ரூம். தொட்டியிலிருந்து இறங்கும் லைன், உள்ளே சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் லைன், வெளியே சேம்பர் (கழிவு லைன் போய்ச் சேரும் குழி) வரை டிரெய்னேஜ். சுவரில் காடி (பள்ளம்) எடுத்து பைப் போட்டு டெஸ்ட் கொடுக்க 4 நாள், டைல்ஸ் முடிந்தபின் ஃபிட்டிங்ஸ் மாட்ட ஒன்றரை நாள், எதிர்பாராததற்கு அரை நாள். ஆக 6 நாள். உங்களுக்கு 12,000, ஹெல்பருக்கு நாள் 900 வீதம் 5,400. பைப்பும் ஃபிட்டிங்ஸும் 16,000, வெட்டுக்கழிவு 5 சதவீதம் 800. சால்வென்ட் சிமென்ட், டெஃப்லான் டேப், கிளாம்ப், கட்டிங் டிஸ்க் 1,200. இந்த 1,200-ஐப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை; கைக்காசில் போய்விடும். மெட்டீரியல் ஏற்றுக்கூலி 600. எல்லாம் சேர்த்து அடக்கம் 36,000.

20 சதவீத லாபம் வேண்டும் என்றால் 36,000-த்தோடு 20 சதவீதத்தைக் கூட்டி 43,200 என்று எழுதுவது வழக்கம். அப்படிச் செய்தால் மொத்தத் தொகையில் உங்கள் லாபம் 16.7 சதவீதம்தான். அடக்கத்தை 0.8 ஆல் வகுங்கள்: 45,000. ஒரு பாத்ரூமுக்கே 1,800 ரூபாய் வித்தியாசம்.

உங்கள் வேலையும் ஏறக்குறைய இதே அளவு என்றால் இரண்டு பாத்ரூமுக்கு நியாயமான விலை 90,000. நீங்கள் 22,000 குறைத்துப் பேசியிருக்கிறீர்கள். அந்த 68,000-த்திலும் மெட்டீரியல், ஏற்றுக்கூலி, ஹெல்பர் எல்லாம் சேர்த்து 48,000 போனால் கையில் 20,000 நின்றிருக்க வேண்டும். நின்றது 7,000. மீதி 13,000 எங்கே போனது? சுவரை உடைத்ததும் வந்த வேலை, ‘இதையும் சேர்த்துப் பண்ணிடுங்க’ என்ற வேலை, கட்டிடக் கழிவை அள்ளியது, டைல்ஸ் ஆள் பைப்பைக் குத்தியதற்குத் திரும்பப் போட்டது என்று தேடினால் கிடைக்கும்.

அதனால் கொட்டேஷனுக்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பது கட்டாயம். போனில் கேட்டு விலை சொல்லாதீர்கள். டேப்பால் அளந்து, சுவரை போட்டோ எடுத்து, மூன்று விஷயத்தை அங்கேயே கேட்டுவிடுங்கள். க்ளாசெட் எது: தரையில் இறங்கும் எஸ் டிராப்பா, சுவருக்குள் போகும் பி டிராப்பா, சுவரில் தொங்குவதா? எஸ் டிராப் என்றால் சுவரிலிருந்து அவுட்லெட் நடுப்பகுதிக்கு 9 அங்குலமா 12 அங்குலமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பைப் போட்டு கான்கிரீட் ஆனபின் வேறு மாடல் வாங்கி வந்தால் தரையை உடைக்க வேண்டியதுதான். அடுத்தது டைவர்ட்டர், அதாவது சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ (ஸ்பவுட்) திருப்பிவிடும் வால்வு. சுவருக்குள் போகும் பாடி ஒரு கம்பெனி, வெளியே தெரியும் பிளேட் வேறு கம்பெனி என்றால் பொருந்தாது. பூச்சும் டைல்ஸும் எத்தனை கனம் வரும் என்று தெரியாமல் ஆழமாகப் புதைத்தாலும் பிளேட் எட்டாது, எக்ஸ்டென்ஷன் தேட வேண்டிவரும். மூன்றாவது, பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன் எதுவரை மாற்றுகிறோம் என்பது. துருப்பிடித்த ஜிஐயில் நடுவில் வெட்டிப் புதிய லைனைக் கோத்தால், அதற்கு அந்தப் பக்கத்து மரை உடைந்து ஒழுகும். அந்த ஒழுகலும் உங்கள் தலையில்தான் விழும்.

தாளில் முதலில் உங்கள் பெயர், முகவரி, கொட்டேஷன் எண், தேதி, வீட்டுக்காரர் பெயர், வேலை நடக்கும் முகவரி. அதன்பின் ‘பாத்ரூம் பிளம்பிங் – 45,000’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். இந்த மாதிரி இருக்கட்டும் (சிபிவிசி என்பது சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்; எஸ்டிஆர் எண் கூடினால் பைப்பின் கனம் குறையும்; எஸ்டபிள்யூஆர் என்பது கழிவுநீர், மழைநீர் பைப்; நஹானி டிராப் தரையில் தண்ணீர் வடியும் இடத்தில் வைப்பது):

பாத்ரூம் 1. தண்ணீர் லைன்: 3/4 அங்குல சிபிவிசி, எஸ்டிஆர் 11, 18 மீட்டர். தொட்டியிலிருந்து இறங்கும் லைன்: 1 அங்குலம், 12 மீட்டர், பால் வால்வு 2. பிராஸ் எல்போ 3/4 x 1/2: 8 (வாஷ்பேசின் 2, ஃப்ளஷ் டேங்க் 1, ஹெல்த் ஃபாசெட் 1, கீசர் 2, ஷவர் 1, ஸ்பவுட் 1). கழிவு லைன்: எஸ்டபிள்யூஆர் டைப் பி, 110 எம்எம் மற்றும் 75 எம்எம், நஹானி டிராப் 1, வெளிச் சேம்பர் வரை. காடி எடுத்தல், பைப் பதித்தல், கை பம்பால் 10 கிலோ அழுத்தத்தில் 1 மணி நேரம் டெஸ்ட், டைல்ஸ் முடிந்தபின் ஃபிட்டிங்ஸ் மாட்டுதல்.

பைப் கம்பெனியின் பெயரையும் எழுதுங்கள். ‘நல்ல கம்பெனி பைப்’ என்று எழுதினால், உங்களைவிட 6,000 குறைத்துக் கேட்கிறவர் எஸ்டிஆர் 13.5 போடப்போகிறார் என்பதோ, கழிவுக்குக் கனம் குறைந்த டைப் ஏ போடப்போகிறார் என்பதோ வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ளது. உங்கள் தாளில் விவரம் இருந்தால், மற்றவரிடமும் அதே விவரத்தை அவரே கேட்பார். விலையைக் குறைக்காமல் வேலையைப் பிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்து, ‘இதில் சேராதவை’ என்று தனித் தலைப்பு. உங்கள் 13,000-ஐக் காப்பாற்றியிருக்கக்கூடிய பகுதி இதுதான். டைல்ஸ் உடைத்தல், ஒட்டுதல், பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், கீசருக்கான எலெக்ட்ரிக்கல் வேலை, கழிவு அகற்றல், சேம்பருக்கு வெளியே உள்ள அடைப்பு, குழாய் மற்றும் க்ளாசெட்டின் விலை. டெஸ்ட் முடிந்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டபின் மற்ற வேலையாட்களால் பைப்புக்கு வரும் சேதமும் சேராது என்று எழுதுங்கள். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் வந்தால் முதலில் கூப்பிடுவது பிளம்பரைத்தான். பைப்பில் ஒழுகலா, வாட்டர்ப்ரூஃபிங் கோளாறா என்று அப்போது பேச உங்கள் கையில் இருப்பது அந்த டெஸ்ட் தாளும், பம்பு மீட்டரை எடுத்த போட்டோவும் மட்டும்தான்.

சேராத வேலை வந்தால் என்ன விலை என்பதையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்: கூடுதல் லைன் மீட்டருக்கு இவ்வளவு, கூடுதல் பாயிண்ட் (குழாய் இணைப்பு இடம்) இவ்வளவு, நாள் கூலி அடிப்படையில் என்றால் இருவருக்கும் சேர்த்து இவ்வளவு. உங்கள் அடக்கமே 2,900 என்னும்போது அந்தக் கடைசி எண் 3,600-க்குக் கீழே போகக் கூடாது. சுவர் திறந்த நிலையில் பேசும் விலை எப்போதும் சண்டையில்தான் முடியும். கூடுதல் வேலை வந்தால் தொடங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கிய பிறகே உளியை எடுங்கள்.

லேபர் மட்டும் பாயிண்ட் ரேட்டில் எடுக்கும்போது பாயிண்ட் என்றால் எது என்பதை எழுதாமல் இருக்கவே கூடாது. கீசருக்கு நீங்கள் 2 எண்ணுவீர்கள், வீட்டுக்காரர் 1 என்பார். டைவர்ட்டருக்குள் போகும் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர், வெளியே வரும் ஷவர், ஸ்பவுட் எல்லாம் சேர்த்து 4 என்பது உங்கள் கணக்கு. அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு பிளேட்.

அட்வான்ஸ் 40 சதவீதம் கேளுங்கள். 45,000-க்கு அது 18,000. சில்லறைச் சாமான் உட்பட மெட்டீரியல் செலவு அப்படியே அடங்கும். கடையில் கடன் சொல்ல வேண்டியதில்லை. டெஸ்ட் முடிந்த அன்றே இன்னொரு 18,000. அதுவரை உங்கள் செலவு 30,000 சொச்சம், கையில் 36,000 இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் அதற்குப்பின் டைல்ஸ் வேலை ஒரு மாதமும் இழுக்கும், இரண்டு மாதமும் இழுக்கும். ‘பாதி முன்னால், பாதி முடிந்தபின்’ என்று பேசினால் அத்தனை நாளும் உங்கள் காசு அந்தச் சுவருக்குள் கிடக்கும். மீதி 9,000 ஃபிட்டிங்ஸ் மாட்டித் தண்ணீர் திறந்துவிட்ட அன்று. பிவிசி விலைப்பட்டியல் அடிக்கடி மாறுவதால் கொட்டேஷன் 15 நாளுக்கு மட்டும் செல்லும் என்று கீழே போடுங்கள். ஜாயின்ட் வேலைக்கு 1 வருடம் உத்தரவாதம் கொடுக்கலாம். குழாய், வால்வு போன்றவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியின் உத்தரவாதம் மட்டும்.

விலையைக் குறைக்கச் சொன்னால்? 10 சதவீதம்தானே என்று 4,500-ஐ விட்டால் உங்கள் லாபம் 9,000-த்தில் சரிபாதி போய்விடும். விலையைத் தொடாமல் வேலையைக் குறையுங்கள். ‘தொட்டி லைனை அப்படியே வைத்துக்கொள்ளலாம், இவ்வளவு குறையும்’, ‘மெட்டீரியலை நீங்களே வாங்கிக் கொடுங்கள், லிஸ்ட் தருகிறேன்’ என்று சொல்லலாம். ஒன்றையும் எடுக்காமல் விலையை மட்டும் இறக்கினால், முதலில் சொன்னது ஏமாற்று விலை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் கடைத் தள்ளுபடி பற்றிச் சொல்லியாக வேண்டும். பைப் கடையில் பிளம்பருக்குத் தள்ளுபடியும் கம்பெனியின் பரிசுப் பாயிண்டும் கிடைப்பது ஊரறிந்தது. வீட்டுக்காரரும் போனில் விலை பார்க்கிறார். மறைத்து வைத்து மாட்டிக்கொள்வதைவிட, கடை பில் தொகையோடு 10 சதவீதம் கையாளும் செலவு என்று வெளிப்படையாக எழுதலாம். இல்லையென்றால் மெட்டீரியலையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி, அந்தத் தொகைக்கு நீங்களே பொறுப்பு என்று இருக்கலாம். எதுவானாலும் சரி, ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டில் சேவை செய்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம். சரக்கு மட்டும் விற்பவருக்குச் சொல்லும் 40 லட்சம் உங்களுக்குப் பொருந்தாது. மெட்டீரியலோடு எடுத்தால் 45,000-மும் உங்கள் விற்றுமுதல். வீட்டுக்காரரே வாங்கினால் உங்கள் பில் தொகை மட்டும். மாதம் நான்கு பாத்ரூம் மெட்டீரியலோடு செய்தால் வருடத்துக்கு 21.6 லட்சம், வரம்பைத் தாண்டிவிடும். எதை எப்படி பில் போடுவது என்பதை வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பதிவு செய்யாதவர் கொட்டேஷனில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வசூலிக்கக் கூடாது. பைப்புக்கு நீங்கள் கட்டிய 18 சதவீதம் உங்கள் அடக்க விலையிலேயே சேர வேண்டும்.

வருமான வரியில் சிறு தொழிலுக்கான உத்தேச வருமான முறை உண்டு: ரொக்கமாக வந்ததில் குறைந்தது 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபமாகக் காட்ட வேண்டும்; உண்மையில் அதைவிட அதிகம் என்றால் அந்த அதிகத்தைக் காட்ட வேண்டும். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரி வராது. ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள், வண்டிக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் வங்கி கேட்பது அதைத்தான். நிறுவனம் அல்லது பில்டரிடம் வேலை எடுத்தால், ஒரு பில் 30,000-ஐத் தாண்டினாலோ வருடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினாலோ 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் எண்ணைக் கொட்டேஷனிலேயே அச்சடித்துவிடுங்கள்; கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிபடும்.

ஒவ்வொரு கொட்டேஷனின் நகலையும் எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் அதன் பின்பக்கம் உண்மையில் ஆன நாள், மெட்டீரியல், கூடுதல் செலவு மூன்றையும் எழுதுங்கள். ஐந்தாறு வேலைக்குப் பிறகு புரட்டிப் பார்த்தால், 6 நாள் என்று எழுதிய இடத்தில் தொடர்ந்து 8 நாள் ஆகிறதா என்பது தெரியும். அப்படியானால் அடுத்த தாளில் 8 என்றே எழுதி விலை போடுங்கள்.