பழைய படங்களையும் தொடர்களையும் வீடியோ கேம்களையும் நண்பருடன் சேர்ந்து மீண்டும் பார்த்திருக்கிறீர்களா? அவை இப்போதும் சுவைக்கின்றனவா?

பார்த்திருக்கிறேன்; இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபிசெட்டிபாளையத்தில் என்னுடன் பள்ளியில் படித்து, தற்போது திருப்பூரில் பவர் டேபிள் யூனிட் (ஆடை தைக்கும் பட்டறை) நடத்தும் நண்பர் ஒருவர், ஆர்டர் நெருக்கடி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்துவிடுவார். தொண்ணூறுகளில் நாங்கள் வாய்பிளந்து பார்த்தவற்றையும், கட்டைவிரல் காய்த்துப்போகும் அளவுக்கு ஆடியவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

சுவைக்கின்றனவா என்ற கேள்விக்கு என் விடை, பெரும்பாலானவை சுவைக்கின்றன என்பதே. ஆனால் அவற்றை அன்று எந்தச் சூழலில் பார்த்தோமோ, அந்தச் சூழலில் ஒரு பகுதியையாவது திரும்ப உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பேருந்தில் போகும்போது செல்பேசியில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இதையா அன்று ரசித்தோம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களின் தீர்ப்பை நான் பொருட்படுத்துவதில்லை.

விளையாட்டுகளில் இது கண்கூடாகத் தெரியும். அந்நாளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற வீடியோ கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற இயந்திரத்தின் நகல்கள். அசலின் பெயரைக்கூட நாங்கள் கேள்விப்பட்டதில்லை. கேசட்டின் மேல் பல லட்சம் விளையாட்டுகள் என்று கூசாமல் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே பத்துப் பதினைந்து விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். கேசட் ஓடாவிட்டால் கழற்றி, அதன் வாயில் ஊதி, மறுபடி மாட்டுவோம். ஊதியதால் பயன் எதுவும் இல்லை, எச்சில் ஈரம் அந்தச் செம்புப் பட்டைகளைக் கெடுக்கத்தான் செய்யும், கழற்றி மாட்டியபோது தொடர்பு சரியாகப் பொருந்தியதே உண்மையான காரணம் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தோம். இப்போது காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறோம்.

நண்பர் தம் அம்முச்சி (தாயின் தாய்) வீட்டுப் பரணில் கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து, என் வீட்டு எல்இடி டிவியில் மஞ்சள், வெள்ளை ஒயர்களைச் செருகியதும் படம் வந்துவிட்டது. டேங்க் விளையாட்டு ஓடியது, ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுடும் கான்ட்ரா ஓடியது. துப்பாக்கியால் வாத்துச் சுடும் விளையாட்டு மட்டும் ஓடியும் பயனில்லை. எத்தனை குறிவைத்துச் சுட்டாலும் ஒரு வாத்தும் விழவில்லை, புதரிலிருந்து எழும் நாய் எங்களைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று நண்பர் அதன் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார். உண்மையில் பழுது எதுவும் இல்லை. 1984இல் வந்த டக் ஹன்ட் என்ற அந்த விளையாட்டில் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை; அதன் குழலுக்குள் ஒளியை உணரும் சிறு உறுப்பு ஒன்று மட்டுமே இருக்கிறது. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுவதும் ஒரு சட்டகத்துக்கு (ஃபிரேம்) இருண்டு, அடுத்ததில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றி மறைகிறது. முதலில் இருட்டையும் உடனே வெளிச்சத்தையும் துப்பாக்கி கண்டால், குறி சரி என்று இயந்திரம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாமல் போனதும் அந்த இருட்டுச் சட்டகத்தால்தான். பழைய படக்குழாய் டிவியில் இது நொடியின் சிறு துணுக்குக்குள் நடந்து முடிந்துவிடும். புதிய டிவியோ வந்த படத்தைச் சற்றுச் செப்பனிட்டு, தாமதித்தே காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் திரைக்கு வருவதற்குள் இயந்திரம் தன் கணக்கை முடித்துவிடுவதால், எங்கள் கண்ணுக்குச் சரியாக விழுந்த அடியெல்லாம் அதன் கணக்கில் தவறிய அடியாகின்றன.

ஆகவே நண்பர் ஒரு டிவி மெக்கானிக்கிடம் மூலையில் கிடந்த டப்பா டிவி ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். என் மனைவி அதைக் கூடத்தில் வைக்கச் சம்மதிக்காததால் பின்கட்டில் தானிய மூட்டைகளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அன்று வாத்துகள் விழுந்தன. ஒரே ஒரு வாத்து பறக்கும் ஆட்ட வகையில், கன்ட்ரோலரைக் கையில் வைத்திருப்பவர் அந்த வாத்தின் போக்கைத் திருப்பிவிட முடியும். சிறுவயதில் துப்பாக்கி யார் கையில் என்பதற்கே சண்டை போட்டோம். கன்ட்ரோலர் வைத்திருந்தவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். நான் சுடச் சுட வாத்தை வேறு பக்கம் இழுத்துக்கொண்டே நண்பர் கண்ணில் நீர் வரச் சிரித்ததைப் பார்க்கும்போது, இந்த வித்தை அன்றே தெரியாமல் போனது என் நல்ல காலம் என்றுதான் நினைத்தேன்.

இருவர் ஆட்டம் என்று வந்தால், கான்ட்ராவையும் டேங்க் விளையாட்டையும் மிஞ்சியவை இல்லை என்பது என் துணிபு. டேங்க் விளையாட்டு என்று நாங்கள் சொன்னது நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகைக் காப்பாற்றிக்கொண்டே கட்டத்துக்கு இருபது எதிரி டேங்குகளை அழிக்க வேண்டும். கூட்டாளியின் குண்டு நம்மீது பட்டால் நாம் சாவதில்லை, சற்று நேரம் அசையாமல் நின்றுவிடுவோம். அதற்குள் எதிரி வந்து சுட்டுவிட்டுப் போய்விடுவான். கொலையைத் தான் செய்யாமல் கொலைக்கு ஏற்பாடு மட்டும் செய்ய வழிவகுக்கும் இந்த விதியை யோசித்தவர், உடன்பிறந்தாரும் பங்காளிகளும் சேர்ந்து ஆடுவதைக் கூர்ந்து கவனித்தவராகவே இருக்க வேண்டும்.

கான்ட்ராவின் அருவிக் கட்டம் இதைவிடக் கொடியது. பாறைகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும்; முன்னால் ஏறுகிறவரைத் தொடர்ந்து திரையும் மேலே நகரும்; பின்தங்கியவரின் காலடியில் இருந்த பாறை திரைக்குக் கீழே மறைந்துவிட்டால் அவர் உயிர் போய்விடும். “நில்லுடா மாப்ள, நான் இன்னும் கீழயே கெடக்கறேன்” என்று நண்பர் கத்துவதும், எனக்கோ நின்றால் மேலிருந்து உருண்டுவரும் பாறை தலையில் விழும் என்பதும், அந்த ஒரு பாறைக்கு இடையில் எங்கள் நட்பு தொங்குவதும் இன்றும் மாறவில்லை. தனியாக ஆடுகிறவருக்கு இந்தக் கட்டத்தில் பெரிய சுவை இருக்காது. முப்பது உயிர் தரும் மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ என்ற வரிசை நண்பரின் விரலில் அப்படியே இருந்தது. கேட்டால் சொல்லத் தெரியவில்லை, கன்ட்ரோலரைக் கொடுத்தால் விரல் தானாக அழுத்துகிறது. இந்த வரிசையை உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் கிராடியஸ் என்ற விளையாட்டைச் சோதித்துப் பார்க்கையில், அது தமக்கே கடினமாக இருந்ததால் இந்தக் குறுக்குவழியை வைத்துக்கொண்டார். அவர் 2020இல் காலமானார். விளையாட்டை ஆக்கியவர்களுக்கே குறுக்குவழி தேவைப்பட்டிருக்க, கான்ட்ராவை மூன்று உயிரில் முடிக்கவில்லை என்று அன்று எங்களை நாங்களே நொந்துகொண்டோம்.

தொடர்களுக்கு வருகிறேன். 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமானை இரண்டு பேரும் ஆசையாகத்தான் போட்டோம். ஒரு பகுதிக்குள்ளாகவே ஆளுக்கொரு பக்கம் நிலக்கடலை உரிக்கத் தொடங்கிவிட்டோம். இந்தி புரியாமல் பார்த்ததுதான் அன்று அதற்குப் பாதி அழகைக் கொடுத்திருந்தது போலும்.

விடாது கருப்பு அப்படியில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘விட்டு விடு கருப்பா’ என்ற நாவலை ஒட்டி, நாகா இயக்கி, மர்மதேசம் வரிசையில் சன் டிவியில் வாரம் ஒரு முறை வந்த அந்தத் தொடரில், தவறு செய்தவர்களைக் குதிரையில் வந்து தண்டிப்பது காவல் தெய்வமா, மனிதரா என்பதே முடிச்சு. எங்கள் பக்கத்தில் கருப்பசாமியைக் கருப்பராயன் என்போம். நண்பரின் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியிலேயே மண்குதிரைகளுடன் கருப்பராயன் கோவில் ஒன்று உண்டு. தொடர் ஓடிய காலம் முழுவதும் பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் போகாமல் வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். முதலில் ஒரே மூச்சில் பல பகுதிகளைப் பார்த்தோம். பயமும் வரவில்லை, ஆர்வமும் தொடரவில்லை. வாரத்துக்கு ஒன்று என்று மாற்றியதும் தொடர் உயிர்பெற்றுவிட்டது. ஒவ்வொரு பகுதியும் ஏழு நாள் ஊகத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஏழு நாளை வெட்டிவிட்டால், தொங்கல் மட்டும் மீதியாகித் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகிறது. முடிவு இருவருக்கும் தெரியும். தெரிந்தும், வாரத்தின் நடுவில் தொலைபேசியில் அழைத்து, இன்னார் அந்த இடத்தில் ஏன் நின்றார் என்று வாதிடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. நண்பரின் நினைவில் அந்தத் தொடர் கறுப்பு வெள்ளை. அவர் பிடிவாதமாகச் சாதித்தார். இரவுக் காட்சிகளின் நிழல்கூட நினைவிருப்பதாகச் சொன்னார். இணையத்தில் வண்ணத்தில் ஓடியதைப் பார்த்து முகம் சுருங்கிப்போனார். பிறகு அவர் தாயாரிடம் கேட்டபோதுதான், அவர்கள் வீட்டில் அப்போது இருந்தது கறுப்பு வெள்ளை டிவி என்பது தெரிந்தது. நான் பின்கட்டு டப்பா டிவியில் அதே பகுதியைப் போட்டு, வண்ணத்தை முற்றிலும் குறைத்துவிட்டேன். சிவப்புப் புடவைகளும் குங்குமமும் சாம்பல் நிறமாகி, குதிரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வண்ணத்தில் பார்க்கையில் நாடக மேடை போலத் தோன்றிய சில காட்சிகள் அப்போது உண்மையாகவே கனத்தன. அவர் நினைவு பொய்யாக இருந்தாலும் அவர் ரசனை சரி என்று ஒப்புக்கொண்டேன். மீதியையும் அப்படியே பார்த்து வருகிறோம்.

படங்களைப் பொறுத்தவரை நாங்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது கொங்குத் தமிழ் ஒலிக்கும் படங்களை. பாலு மகேந்திரா இயக்கி 1995இல் வந்த சதிலீலாவதியை அன்று வாடகை டெக்கில் பார்த்தபோது, எங்களுக்கு அது கமல்ஹாசனும் கோவை சரளாவும் நம் பேச்சைப் பேசும் படம், அவ்வளவுதான். சக்திவேல் கவுண்டராகக் கமல் நம் ஊர்ப் பேச்சைக் கற்றுப் பேசுகிறார், மிக நன்றாகவே பேசுகிறார். சரளாவோ அதிலேயே பிறந்து வளர்ந்தவர். மூச்சு வாங்கும் இடம்கூடக் கோயம்புத்தூர்தான். இந்த வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னவர் நண்பர்; திருப்பூரில் பல மாவட்டத்துத் தொழிலாளர்களின் பேச்சை நாள் முழுவதும் கேட்கும் காது அவருடையது.

இன்று பார்க்கையில் படத்தின் நடு எலும்பாக நிற்பவர் லீலாவதியாக நடித்த கல்பனா. உடல் பருமனைக் கேலி செய்யும் வசனங்களில் சில இப்போது சிரிப்பைத் தரவில்லை. என் மகள் அந்த இடங்களில் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஆயினும் கணவன் ஏமாற்றுகிறான் என்று அறியும் லீலாவதியின் முகத்தைப் படம் எங்கும் கேலி செய்வதில்லை. சிறுவர்களாகிய எங்களுக்கு அக்காட்சிகள், அடுத்த சிரிப்பு எப்போது வரும் என்று காத்திருந்த இடைவெளிகளாக மட்டுமே பட்டன. கல்பனா 2016இல் மறைந்துவிட்டார் என்பதும் சேர்ந்து கனக்கிறது.

இத்தகைய படங்களைத் திரையரங்கிலேயே பார்ப்பது இன்னும் மேல் என்பவர்கள் உண்டு. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால், பின்னர் டிலைட் என்று பெயர் மாறி, தன் இறுதிக் காலத்தில் பழைய படங்களையே ஓட்டிக்கொண்டிருந்தது. 2004இல் வந்த கில்லி 2024இல் மறுவெளியீடாக வந்தபோது அரங்குகள் நிறைந்ததையும் கண்டோம். அந்தக் கூட்டத்தின் ஆரவாரம் தனி. ஆனால் அங்கே யாரும் படத்தை நிறுத்திவிட்டு, இந்த வசனத்தைச் சரளா எப்படி இழுத்தார் கேட்டாயா என்று கேட்க முடியாது. எனக்கு அந்த நிறுத்தங்கள் வேண்டும்.

தொடங்க நினைப்பவருக்குச் சில சொற்கள். விளையாட்டில் தொடங்குங்கள், கான்ட்ராவுக்கு முன் பேட்டில் சிட்டி நல்லது, விரல் மறந்திருந்தாலும் அரைமணியில் திரும்பிவிடும். வாத்துச் சுட ஆசை இருந்தால் படக்குழாய் டிவி இல்லாமல் அந்தத் துப்பாக்கியை விலை கொடுத்து வாங்காதீர்கள். தொடரை வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் பார்க்க வேண்டாம். இருவரில் ஒருவர் இரகசியமாக முன்னால் பார்த்துவிட்டால், பேச்சிலேயே தெரிந்துவிடும், ஆட்டம் கெட்டுவிடும். படங்களில் மட்டும், இருவரும் அன்று ஒரே வீட்டில் பார்த்த படத்தைவிட, வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு ஆட்களுடன் பார்த்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் சண்டை போட விஷயம் இருக்கும்.