கேபிள் அறுபடவில்லை என்றால் தூண்களை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி இதுதான்: "சாலையோரக் கேபிள் தடுப்பில் கார் மோதி ஐந்தாறு தூண்கள் மடங்கிவிட்டன. நான்கு கேபிளும் அறுபடவில்லை. தூண்களை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பலாமா?"

நீங்கள் பராமரிப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். கூட இருக்கும் யாரோ "தூணை இறக்கு, வழியைத் திற" என்று அவசரப்படுத்தியிருப்பார். பல வருடமாக அதே பேச்சைக் கேட்டு அலுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பல மோதல்களில் தூணை மாற்றினாலே வேலை முடிந்துவிடும், உண்மைதான். தூண்கள் மடங்குவதற்கென்றே செய்தவை. கான்கிரீட்டில் பதித்த குழாய்க்குள் இறங்கி நிற்பவை, மடங்கியதை உருவிவிட்டுப் புதியதைப் போடலாம். வண்டியைப் பிடித்து நிறுத்துவது தூண்களின் வழியே இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள். அதுவும் இழுவிசை சரியாக இருந்தால்தான். வழக்கமான கேபிள் 19 மில்லிமீட்டர் தடிமன், மூன்று புரி, புரிக்கு ஏழு கம்பி. ஒவ்வொன்றிலும் 20 கிலோநியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 2 டன் எடையைத் தூக்கும் அளவு இழுப்பு நிற்கும். அதில் கால்வாசி போயிருந்தாலும் பார்வைக்கு எல்லாம் நேராகத்தான் தெரியும்.

ஒரு தடவை லாரி ஏறிய இடம். வரிசையாகத் தூண்கள் சாய்ந்திருந்தன, கேபிள்கள் முழுசாக இருந்தன. தூண்களை இறக்கி, கேபிள்களைத் தூணில் அதனதன் காடியில், அதாவது பிடிக்கும் பள்ளத்தில், உட்கார வைத்தோம். மேற்பார்வையாளர் தடுப்புக் கூம்புகளை எடுக்கச் சொல்லிவிட்டார். நான் இழுவிசையை அளக்கும் மீட்டர் வைக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். மூன்று கேபிள்கள், எந்த வெப்பநிலையில் எவ்வளவு இழுப்பு வேண்டும் என்று சொல்லும் அட்டவணையோடு ஒத்துப்போயின. மேலிருந்து இரண்டாவது மட்டும் 5 கிலோநியூட்டன் குறைவு. "மீட்டர் பழசு" என்றார். அதே மீட்டர் மற்ற மூன்றில் சரியாகக் காட்டுகிறதே!

அந்தக் கேபிளோடு நடந்தேன். மோதிய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, ஆப்பு வைத்துப் பிடிக்கும் ஒரு இணைப்பு. கேபிள் முழுக்க மங்கிய சாம்பல் நிறம். இணைப்பின் வாயை ஒட்டி மூன்று விரற்கடை அளவுக்கு மட்டும் அழுக்கே படாமல் பளபளவென்று இருந்தது. அவ்வளவு நீளம் உள்ளேயிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்த வண்டி மோதியிருந்தால் மொத்தமாகக் கழன்றிருக்கும்.

அதோடு விடவில்லை. லாரி உரசிய பகுதியில் ஒரு பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். ஒரு இடத்தில் நூல் மாட்டிக்கொண்டது. கேபிளின் அடிப்பக்கம், தூணின் காடி அழுத்திய இடத்தில், இரண்டு கம்பிகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அப்புறம் முறையாகச் செய்தோம். முதலில் டர்ன்பக்கிளை, அதாவது கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் மரை இணைப்பை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இழுப்பை இறக்கினோம். இழுப்பு நிற்கும் கேபிளை வெட்டக் கூடாது, வளைந்து நிற்கும் கேபிளின் உள்பக்கம் ஆள் நிற்கவும் கூடாது. வெட்டும் இடத்துக்கு இருபுறமும் கட்டுக்கம்பி சுற்றினோம், இல்லாவிட்டால் புரி பிரிந்துவிடும். கெட்ட துண்டை எடுத்து, புதுத் துண்டை இரண்டு முனையிலும் இணைத்து, நழுவிய இணைப்பையும் மாற்றினோம். நான்கு கேபிளின் இணைப்புகளும் ஒரே இரண்டு தூண்களுக்கு நடுவே கூடிவிடாமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். டர்ன்பக்கிளில் மரை போதுமான அளவு உள்ளே ஏறியிருக்கிறதா என்று சோதனைத் துளை வழியாகப் பாருங்கள்.

இறுக்கும்போது வெப்பநிலை முக்கியம். காற்றின் வெப்பநிலை அல்ல, கேபிளின் வெப்பநிலை. வெயிலில் கிடக்கும் கேபிள் காற்றைவிட நன்றாகவே சூடாக இருக்கும். 10 டிகிரி மாறினால் 100 மீட்டர் எஃகு 12 மில்லிமீட்டர் நீளவோ சுருங்கவோ பார்க்கும். இரண்டு முனையையும் கட்டிப்போட்டிருப்பதால் அது அப்படியே இழுவிசையில் ஏறி இறங்கும். உச்சி வெயிலில் விடியற்காலைக்கான எண்ணுக்கு இறுக்கினால், குளிர்ந்ததும் ஆங்கரின் மேல், அதாவது கேபிள் முனையைத் தரையோடு பிடித்திருக்கும் கட்டின் மேல், தேவையில்லாத சுமை.

"எங்கள் மாடலில் இப்படி இல்லையே" என்று யாராவது வருவார்கள். உண்மை, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் எண்ணும் இணைப்பும் மாறும். உங்கள் கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக் கேபிள் தடுப்பே ஆகாது என்று வாதாட வருபவர்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் கவலையை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே கேட்டது ஏற்கெனவே நிற்கும் தடுப்பைப் பற்றி.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கேபிளில் குனிந்து வேலை செய்யும்போது ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே கூம்புகளை உரசிப் போகிறவர்களை என்ன சொல்வது? வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையை ஒருவரும் மதிப்பதில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே அந்த நேரத்தில் தடுப்பே கிடையாது, அதைத்தான் நாங்கள் கழற்றி வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். தூண்களை இறக்கியதும் நான்கு கேபிளிலும் மீட்டர் வையுங்கள். எண்ணையும் கேபிள் வெப்பநிலையையும் சேர்த்தே குறித்து வையுங்கள். இரண்டு பக்கத்து ஆங்கர் வரைக்கும் நடந்து ஒவ்வொரு இணைப்பின் வாயையும் பாருங்கள். புதுத் துண்டு போட்டிருந்தால் சில வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும், புதுக் கேபிள் கொஞ்சம் தளரும்.