சமூக நல ஆணையருக்கு மனு அனுப்பினால் கணவர் மீது உத்தரவு போடுவாரா?

போட மாட்டார். சட்டப்படி அவரால் போட முடியாது. மாவட்டத்தில் குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலர் இழுத்தடிக்கிறார், சென்னைக்கே எழுதிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் நியாயம்தான், ஆனால் போக வேண்டிய இடம் வேறு.

ஆணையர் தமிழ்நாட்டின் சமூக நலத்துறைத் தலைவர். மாவட்ட சமூக நல அலுவலர்களை மேற்பார்ப்பது, விளக்கம் கேட்பது, திட்ட நிதியைப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் கணவரைக் கட்டுப்படுத்தும் உத்தரவு நீதிமன்றத்தில்தான், பொதுவாகக் குற்றவியல் நடுவரிடம், கிடைக்கும். அடிப்பதைத் தடுக்க 18ஆம் பிரிவு (பாதுகாப்பு உத்தரவு), வீட்டைவிட்டு வெளியேற்றாமல் இருக்க 19, பணத்துக்கு 20. அவசரம் என்றால் 23இல் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

12ஆம் பிரிவில் நீங்களே நேரடியாக மனு கொடுக்கலாம். "டிஐஆர் (பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் குடும்ப வன்முறை அறிக்கை) இல்லாமல் வாங்க மாட்டோம்" என்றால் நம்பாதீர்கள். அந்த அறிக்கை கட்டாயமில்லை என்று 2022 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அம்மா வீட்டில் இருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும். வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. நடப்பில் நோட்டீஸ் கணவர் கையில் சேராமல்தான் மாதங்கள் ஓடும். கணவரின் வீட்டு முகவரியோடு வேலையிட முகவரியையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

ஆணையருக்கு எழுதுவதானால் அலுவலரைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: புகார் கொடுத்த தேதி, ஒப்புகை நகல், எந்த வேலை நடக்கவில்லை. "உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக முடித்தால், அறிக்கை கேட்டு அதே மாவட்ட அலுவலகத்துக்கே திரும்பி வரும். பாதுகாப்பு உத்தரவில் நடுவர் இட்ட கடமையைத் தகுந்த காரணமில்லாமல் அலுவலர் செய்யாவிட்டால் 33ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வழக்குத் தொடர அரசின் அல்லது அரசு அதிகாரமளித்த அலுவலரின் முன் அனுமதி வேண்டும். மேலிடத்துக்கு எழுதுவது உண்மையில் பயன்படும் இடம் இதுதான்.

அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்பலாம். இல்லை, துறைப் பெயர்களை இப்படிக் குழப்பி வைத்தது அரசுதான். முதியோர் உதவித்தொகை நின்றாலும் சமூக நலத்துறைக்கே மனு போகிறது. அதுவோ வருவாய்த் துறை, தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் கையில். 'சமூக நலம்' எது, 'சமூகப் பாதுகாப்பு' எது என்று பென்ஷன் வாங்கும் பாட்டிக்கு எப்படித் தெரியும்?