சிகரட்டை விட்டுச் சுருட்டுக்கு மாறலாமா?

கேள்வி: வயது 41. யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 15 சிகரட் பத்துகிறேன், முதலாவது காலையில் முகம் கழுவ முன்னரே. விலையும் கட்டவில்லை, ஒரு மாதமாக இரவில் இருமலும் இருக்கிறது. சுருட்டுக்கு மாறினால் இரண்டோடு நாளை ஓட்டலாம், அதில் கெமிக்கல் இல்லை, புகையை உள்ளுக்கு இழுக்கவும் தேவையில்லை என்கிறார் மாமா. எங்கள் அப்பு 86 வயது வரை சுருட்டுப் பத்தியவர். கனடாவிலிருந்து வந்த மச்சானும் ஒரு பெட்டி கியூபாச் சிகார் தந்துவிட்டுப் போயிருக்கிறார். மாறுவது நல்லதா? மாறுவதென்றால் எப்படி?

பதில்: மாமா சொன்னதில் ஒன்று சரி. சுருட்டுப் புகையை வாயில் வைத்திருந்தாலே நிக்கொட்டின் இரத்தத்துக்குப் போகும். ஆனால் அது சுருட்டிலேயே தொடங்கியவருக்குப் பொருந்தும் கணக்கு. பல வருடம் சிகரட் பத்திய ஒருவருக்கு அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். ஏன் என்பது புகையிலையைப் பதப்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

சிகரட்டில் பெரும்பங்கு சூடான காற்றில் விரைவாக உலர்த்திய வேர்ஜினியாப் புகையிலை. இலையின் சீனி அப்படியே நின்றுவிடுவதால் அதன் புகை சற்று அமிலத்தன்மையுடையது. அமிலப் புகையிலுள்ள நிக்கொட்டின் வாய்த்தோலைத் தாண்டாது, நுரையீரல் வரை இழுத்தால்தான் உடம்பில் ஏறும். எங்கள் சுருட்டுப் புகையிலையோ கோடா என்ற கரைசல் போட்டு, அடுக்கி, நாட்கணக்கில் புளிக்கவிட்டுப் பாடம் பண்ணியது. கியூபா இலையும் மாதக்கணக்கில் குவித்துப் புளிக்கவைத்ததுதான். புளிப்பில் சீனி போய்விடும், புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மைக்கு மாறும். காரப் புகையிலுள்ள நிக்கொட்டின் கன்னத்தின் உட்புறத்தாலேயே மெல்ல மெல்ல ஊறி இறங்கும். அதே காரம்தான் தொண்டையை எரிப்பதும். அதனால்தான் கொக்குவில் சுருட்டுக் கொட்டில்களில் வேலை பார்த்த பழைய ஆட்கள் புகையை வாயோடு வைத்து ஊதித் தள்ளினார்கள். உங்கள் அப்புவும் அப்படித்தான் பழகியிருப்பார்.

உங்கள் உடம்பு வேறு பாடம் படித்திருக்கிறது. ஒரு சிகரட்டுக்குப் பத்து இழுவை என்றாலும் நாளைக்கு 150 தடவை புகை நெஞ்சுக்குள் போய் வருகிறது. ஒவ்வொரு இழுவையின் நிக்கொட்டினும் பத்து, இருபது செக்கனுக்குள் மூளையைத் தொடும். வாயால் ஊறும் நிக்கொட்டின் அந்த வேகத்தில் வராது. சுருட்டைப் பற்றவைத்துப் பத்து நிமிடம் ஆகியும் “ஏறவில்லை” என்று தோன்றும். முதல் சில நாள் தொண்டை எரியும், இருமல் வரும், புகையை வெளியே விடுவீர்கள். தொண்டை பழகப் பழக, அறியாமலே உள்ளுக்கு இழுக்கத் தொடங்கிவிடுவீர்கள். 1998இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிலையம் சிகாருக்கென்றே வெளியிட்ட தனி அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: சிகரட்டிலிருந்து மாறியவர்கள், சிகார் மட்டுமே பத்தியவர்களைவிட அதிகமாகப் புகையை உள்ளிழுக்கிறார்கள். ‘நான் இழுப்பதில்லை’ என்று சொல்பவரின் இரத்தத்திலும், நுரையீரலால் மட்டுமே ஏறும் புகை வாயுவான காபனோரொட்சைட்டை அளந்தால் உண்மை வெளிவந்துவிடும்.

உள்ளே போகும் புகையும் சிகரட் புகையைவிட லேசானதல்ல. ஒரு சிகரட்டில் புகையிலை 1 கிராமுக்கும் குறைவு. பெரிய கியூபாச் சிகார் ஒன்றில் 5 கிராமிலிருந்து 20 கிராம் வரை இருக்கலாம், அதாவது ஒரு சிகரட் பெட்டிக்குரிய புகையிலை ஒற்றைச் சிகாரில் இருக்க முடியும். சிகரட் கடதாசி காற்றை உள்ளே விடும். சிகாரைச் சுற்றியிருக்கும் புகையிலை இலை அவ்வளவு விடாது, எரிவு குறைபடும், கிராமுக்குக் கிராம் காபனோரொட்சைட்டு கூடுதலாக வரும். எங்கள் ஊர்ச் சுருட்டோ கையால் சுற்றுவது. தடிப்பும் நீளமும் சுற்றும் கைக்குக் கை மாறும், நிக்கொட்டின் எவ்வளவு என்று எந்தக் கட்டிலும் எழுதியிருக்காது. ‘நாளைக்கு இரண்டு’ என்பது எண்ணிக்கைதான், அளவு அல்ல.

கெமிக்கல் இல்லை என்ற கதையையும் பார்த்துவிடுவோம். புற்றுநோயை உண்டாக்கும் நைத்திரோசமீன்கள் யாரும் வெளியிலிருந்து ஊற்றியவை அல்ல. புகையிலை புளிக்கும்போது அதன் நைத்திரேற்றும் நிக்கொட்டினும் சேர்ந்து தாமாகவே உருவாகுபவை. நீண்ட நாள் பாடம் பண்ணிய இலையில் அவை கூடத்தான் இருக்கும். புகையை இழுக்காமலே சுருட்டுப் பத்தினாலும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் கூடுகின்றன. இழுத்தால் நுரையீரலும் இருதயமும் அந்தப் பட்டியலில் சேரும். பின்னேரத்தில் சாராயமும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோயின் ஆபத்து இரண்டையும் கூட்டிப் பார்ப்பதைவிட மேலே போய்விடும். அப்புவின் 86 வயதைப் பொறுத்தவரை, சுருட்டுப் பத்தி 58இல் போனவரை யாரும் உதாரணத்துக்கு எடுப்பதில்லை.

மாறியவர்கள் நடைமுறையில் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு சுருட்டு முடிய அரை மணித்தியாலம், பெரிய சிகார் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கடையில் ஆள் வந்து ஆணி கேட்கும் நேரத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே பகலில் சிகரட், இரவில் சுருட்டு என்று இரண்டும் நிலைத்துவிடும். காசும் மிஞ்சாது. இன்னொரு பழக்கமும் கூடவே வரும்: பாதியில் அணைத்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பப் பற்றவைப்பது. எரிந்த புகையின் தாரும் நிக்கொட்டினும் மிச்சத் துண்டில் படிந்து கிடப்பதால் இரண்டாவது பற்றவைப்புத்தான் மிகக் கடுமையானது. வீட்டுக்குள் பத்தினால் பிள்ளைகளுக்குப் போகும் புகையும் சிகரட்டைவிடக் கூடுதலாக, நீண்ட நேரத்துக்கு இருக்கும்.

மச்சான் தந்த பெட்டியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், வீட்டிலும் வைக்க வேண்டாம். ஏற்கெனவே ஒன்றைப் பற்றவைத்து, தலைசுற்றல், குளிர் வியர்வை, வாயில் உமிழ்நீர் ஊறல், குமட்டல் வந்திருந்தால் அது நிக்கொட்டின் மிகைப்பட்டதன் அடையாளம். வெறும் வயிற்றில் இன்னும் வேகமாக வரும். சிகாரை அணைத்து, காற்றோட்டமான இடத்தில் இருந்து தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்தில் தணியும். நெஞ்சுநோவோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

மாறுவதற்கு எடுக்கும் அதே முயற்சியில் நிறுத்தலாம். அது எப்படி என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

இரண்டு கிழமைக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். கலியாண வீடு, கடைக் கணக்கெடுப்பு வரும் கிழமையைத் தவிருங்கள். நல்லூர்க் கொடியேற்றம் அதற்குள் வந்தால் நல்ல நாள். 25 நாளும் விரதமிருந்து சிகரட்டைத் தொடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். நிக்கொட்டின் ஏக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில், பெரும்பகுதி அடங்குவது மூன்று, நான்கு கிழமையில். அப்படியென்றால் திருவிழா முடியும்போது அவர்கள் கடினமான பகுதியைக் கடந்துவிட்டார்கள். பூங்காவனம் முடிந்த கையோடு மீண்டும் பற்றவைப்பதற்குக் காரணம், விட்டதாக அவர்கள் எண்ணவில்லை, தள்ளிப்போட்டதாக எண்ணியிருந்தார்கள் என்பதுதான்.

விழித்து அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் என்பதால் உங்கள் அடிமைத்தனம் கடுமையானது. வெறும் மனவுறுதியை மட்டும் நம்ப வேண்டாம். நிக்கொட்டின் சுவிங்கத்தில் 2, 4 மில்லிகிராம் என இரண்டு அளவு உண்டு, உங்களுக்கு 4. எல்லாப் பாமசியிலும் கைவசம் இருக்காது, குறித்த நாளுக்கு முன்பே சொல்லி எடுப்பித்து வையுங்கள். முதல் ஆறு கிழமை ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று கிழமை இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்று, கடைசி மூன்று கிழமை நான்கு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 15க்கு மேல் வேண்டாம்.

சுவிங்கம் வேலை செய்யவில்லை என்று கைவிடுபவர்களில் அநேகர் அதைச் சாதாரண சுவிங்கம் போல மென்றவர்கள். மென்றுகொண்டே இருந்தால் நிக்கொட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிவும்தான் வரும். மெதுவாக நாலைந்து தரம் மெல்லுங்கள். மிளகு கடித்தது போல் ஒரு உறைப்பு வந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். உறைப்பு போனதும் திரும்ப மென்று மற்றப் பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணித்தியாலம். போடுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்து முடியும் வரை சோடா, தேசிக்காய்த் தண்ணீர், கோப்பி, தேநீர் எதுவும் வேண்டாம். சுருட்டுக்குச் சொன்ன அதே இரசாயனம்தான் இங்கேயும்: வாய் புளிப்பாக இருந்தால் நிக்கொட்டின் கன்னத்தால் இறங்காது. கட்டுப்பல் உள்ளவருக்குச் சுவிங்கம் ஒட்டிக்கொள்ளும்.

தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டி இன்னொரு வழி. ஒரு நாளைக்கு 10 சிகரட்டுக்கு மேல் பத்துபவருக்கு 21 மில்லிகிராமில் ஆறு கிழமை, பிறகு 14இல் இரண்டு, 7இல் இரண்டு. எங்கள் வெயிலில் வியர்வைக்குக் கழன்றுவிடுவதுதான் தொல்லை. காலையில் குளித்து, மேற்கையை நன்றாகத் துடைத்து, எண்ணெயும் பவுடரும் படாத, மயிரில்லாத இடத்தில் ஒட்டிப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு நாளும் இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் கடிக்கும். கெட்ட கனவு வந்தால் படுக்க முன் கழற்றலாம். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் போடுங்கள். பட்டியை ஒட்டிக்கொண்டு, ஏக்கம் வரும்போது மட்டும் 2 மில்லிகிராம் சுவிங்கம் போடுவது இரண்டில் ஒன்றை மட்டும் பாவிப்பதைவிட நல்ல பலன் தரும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. ஏக்கத்தைக் குறைக்கும் புப்ரோப்பியன், வரெனிக்லின் குளிசைகள் வைத்தியர் துண்டு எழுதித் தர வேண்டியவை. வலிப்பு வந்த ஒருவர் புப்ரோப்பியன் எடுக்கவே கூடாது.

பலருக்கும் தெரியாத ஒன்று: புகையிலுள்ள தார்ப் பொருட்கள் ஈரலை உசுப்பி, கஃபீனை விரைவாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். வழக்கமாகக் குடிக்கும் ஐந்து தேநீர் பத்துக் குடித்தது போல் வேலை செய்து, நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. அதை நிக்கொட்டின் ஏக்கம் என்று எண்ணித் திரும்பப் பற்றவைத்தவர்கள் உண்டு. முதல் நாளிலிருந்தே தேநீரையும் கோப்பியையும் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநோய்க்குக் குளோசபின், ஒலன்சபின் எடுப்பவர்களுக்கு மருந்து உடம்பில் கூடிவிடலாம். அவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வோபரின் அல்லது நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்களும் நிறுத்தப்போவதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த மாற்றம் புகையால் வருவது, நிக்கொட்டினால் அல்ல. சுவிங்கம் போட்டாலும் நடக்கும்.

மலச்சிக்கல், வாய்ப்புண், எரிச்சல், கூடுதல் பசி எல்லாம் வரும், போகும். முதல் வருடத்தில் நாலைந்து கிலோ ஏறலாம். ஒரு ஏக்கம் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. சாப்பிட்ட கையோடு எழும்பிவிடுவது, பிளேன்டீயைக் கடை வாசலில் நின்று குடிக்காமல் உள்ளே இருந்து குடிப்பது போன்ற சின்ன மாற்றங்கள் அந்த நிமிடங்களைக் கடத்தும். வாய் சும்மா இருக்கிறதே என்று வெற்றிலைக்குப் போகாதீர்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும் கூட 2004இலிருந்து சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் முதல் வகுப்புப் பட்டியலில், அதாவது புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் இருக்கின்றன. இடையில் ஒரு சிகரட் பத்திவிட்டால் பட்டியைக் கழற்ற வேண்டாம், திட்டத்தை அடுத்த மணித்தியாலத்திலிருந்து தொடருங்கள். கதைத்து ஆலோசனை கேட்க, தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 இலக்கம் இருக்கிறது.

இருமல் தனி விஷயம். இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலையும் சிகரட் இருமல் என்று ஒதுக்கக் கூடாது. சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள், மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் இரண்டும் செய்யலாம். குறித்த நாள் வரட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். சளியில் இரத்தம், குரல் கம்மல், நிறை குறைவு, விழுங்கக் கஷ்டம் இருந்தால் இந்தக் கிழமையே போங்கள். கண்ணாடி முன் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி மூன்றையும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ, இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ தெரிந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவரே மேற்கொண்டு அனுப்புவார். தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதால் இதற்காகக் கொழும்புக்கோ மகரகமவுக்கோ உடனே ஓட வேண்டியதில்லை.