காது குளிர்ந்த முயல்: கடிதமும் பதிலும்

ஐயாவுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார்கள். எங்களிடம் பஞ்சு என்றொரு வெள்ளை முயல் நான்கு வருடமாக நிற்கிறது. போன கிழமை விடாத மழை. வியாழன் பின்னேரம் போட்ட அறுகம்புல் இரவு பத்து மணிக்கும் அப்படியே கிடந்தது. கூட்டுக்குக் கீழே ஒரு புழுக்கைகூட இல்லை. தூக்கிப் பார்த்தேன், காது இரண்டும் ஐஸ் போல இருந்தன. அந்த நேரத்தில் மிருக வைத்தியர் எவரும் கிடைக்கவில்லை. அம்மாவின் பழைய சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விறாந்தைச் சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை இருந்தேன். காலையில் வைத்தியர் பார்த்துவிட்டுக் குடல் வேலை செய்யாமல் நின்றிருக்கிறது என்று ஊசி போட்டார். இப்போது கொஞ்சம் தின்கிறது, சோர்வு இன்னும் போகவில்லை.

மாரிக் குளிர்தான் காரணம் என்கிறார் அம்மா. மல்லாத்திப் பிடித்தால் குழந்தை மாதிரி நித்திரை கொள்ளும் என்கிறார் பெரியம்மா. "முயலுக்குக் கட்டிப்பிடிப்பது பிடிக்காது, நீ உன்னைத்தான் ஆறுதல்படுத்தினாய்" என்கிறான் அண்ணா. அவன் சொல்வது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணா சொல்வதில் பாதி சரி. அதற்கு முன்னர் அம்மாவின் மாரிக் குளிரைப் பார்த்துவிடுவோம்.

நம் ஊர் மாரி இரவு பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியஸில்தான் நிற்கும். நமக்குப் போர்வை தேடுகிற குளிர் அது. வளர்ப்பு முயலின் மூதாதையர் ஐரோப்பிய மண்ணில் வளை தோண்டி வாழ்ந்தவர்கள். நனையாத, நோயில்லாத முயலுக்கு அந்த இரவு சுகமான இரவு. வன்னிப் பற்றைகளில் ஓடும் நம் காட்டு முயல் வேறு இனம், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். யாழ்ப்பாணத்தில் முயலுக்கு உண்மையான எதிரி சித்திரை வெயில். வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும், ஏனென்றால் அதற்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். ஆகவே இங்கே ஒரு முயலின் காது ஐஸாக இருந்தால் வானத்தைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள். முயலின் குடல் ஓயாமல் ஓடவேண்டிய ஆலை. தின்பது நின்றால் குடல் நிற்கும், குடல் நின்றால் நோ வரும், நோ வந்தால் இன்னும் தின்னாது. அதற்கு வாந்தியும் எடுக்கத் தெரியாது. அரை நாள் தின்னாத, புழுக்கை போடாத முயல் உடனே வைத்தியரிடம் போகவேண்டிய முயல். காலையில் கொண்டு ஓடினீர்களே, பஞ்சு பிழைத்தது அதனால்தான். இரவு முழுவதும் அணைத்தது அதை விடியும்வரை தாக்குப்பிடிக்க வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

எப்படி என்றும் சொல்கிறேன். நலமான முயலின் உடற்சூடு 38.5 முதல் 40 பாகை வரை. நம்முடையது 37, நம் தோலில் அதிலும் மூன்று நான்கு பாகை குறைவு. ஆகவே நீங்கள் பஞ்சுவுக்கு அடுப்பாக இருக்கவில்லை, காற்றையும் ஈரத்தையும் மறித்து, இருக்கிற சூடு போய்விடாமல் காத்த சுவராக இருந்தீர்கள். சுவர் யாரையும் சுடுவதில்லை. அடுப்பு சுடும். அதை நான் கற்றது வெட்கப்படவேண்டிய விதத்தில். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு முயலும் இப்படித்தான் சுருண்டது. நான் பெரிய கெட்டிக்காரன் போல ஒரு காட்போட் பெட்டிக்குள் அதை வைத்து, மேலே மின்குமிழைத் தொங்கவிட்டுப் படுத்துவிட்டேன். அரை மணித்தியாலத்தில் ஏதோ சுரண்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் பெட்டியின் மூலையை நகத்தால் பிராண்டிக்கொண்டு, வாயைத் திறந்து இளைக்கிறது. காது நெருப்பு. விலகிப் போக அதற்கு இடம் விட்டிருக்கவில்லை நான்.

என் அம்மாவுக்கு இது படிக்காமலே தெரிந்திருந்தது. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், மழையில் நனைந்த ஆட்டுக்குட்டிக்கு மணல் வறுத்து ஒத்தணம் கட்டுவார். முதலில் துவாயால் ஈரம் போகத் துடைப்பார். பொட்டலத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஆறட்டும்" என்று கீழே வைப்பார். பிறகு குட்டிக்கு ஒரு பக்கத்தில் மட்டும் வைப்பார், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். இன்னொரு இரவு வந்தால் அப்படியே செய்யுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் தடித்த துவாயில் சுற்றி ஒரு பக்கம் வையுங்கள், மற்றப் பக்கம் விலகிப்போக விடுங்கள். உடல் குளிர்ந்து கிடக்கும்போது சிரிஞ்ச் கொண்டு உணவு திணிக்க வேண்டாம். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அமொக்சிலின் போன்ற பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, அதுவே உயிரை எடுத்துவிடும்.

இனி அண்ணா. முயல் இரையாகப் பிறந்த பிராணி. நிலத்திலிருந்து தூக்கினால் அதன் உடம்புக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: பருந்து. கால்களை உதறி உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்கிற முயல்கள் உண்டு. பெரியம்மா சொன்ன மல்லாத்திப் பிடிப்பது இன்னும் மோசம். அப்போது அது நித்திரை கொள்வதில்லை, பயத்தில் விறைத்துச் செத்தது போலக் கிடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அண்ணாவின் பாதி இவ்வளவுதான்.

மற்றப் பாதி அவருக்குத் தெரியாதது. தாய் முயல் குட்டிகளை அணைத்துக்கொண்டு கிடப்பதில்லை. நாளுக்கு ஒரு தடவை, சில நேரம் இரண்டு தடவை, சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கிற குட்டிகளுக்குச் சூடு, தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் போட்ட மயிரும், பக்கத்தில் கிடக்கும் கூடப்பிறந்தவையும்தான். வளர்ந்த பிறகும் பிடித்த துணையோடு விலா ஒட்டிப் படுக்கும். ஆகவே தொடுகை முயலுக்குப் பிடிக்காது என்பது பிழை. மேலிருந்து வரும் கை பிடிக்காது, பக்கத்தில் கிடக்கும் உடம்பு பிடிக்கும். தாயாகத் தூக்காமல், கூடப்பிறந்ததாகப் பக்கத்தில் படுங்கள். நிலத்தில் பாயை விரித்து, உங்கள் விலாவோரம் சேலையைக் குழியாக்கி, அதுவாக வந்து ஒட்டட்டும். நெற்றியிலிருந்து காதடி வரை விரலால் தடவுங்கள், வயிற்றைத் தொடவேண்டாம். தடவும்போது பல் மெதுவாக, அரிசி நெரிபடுவது போல அரைபட்டால் அது சுகம். முதுகைக் கூனிக்கொண்டு உரக்க நறநறவென்று அரைத்தால் அது நோ, உடனே வைத்தியர்.

அன்றிரவு நீங்களும் ஆறுதல் அடைந்தீர்களா? அடைந்திருப்பீர்கள். அதனால் பஞ்சுவுக்கு என்ன நட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கிழமை முழுவதும் காலையும் மாலையும் கூட்டுக்குக் கீழே ஒரு பேப்பரை விரித்து, விழுகிற புழுக்கை எத்தனை, பெரிதா சிறிதா என்று குறித்து வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். எண்ணுகிற வேலையை அண்ணாவிடம் கொடுங்கள்.